இடது பக்கம் டெல்மருடையது

செவ்வாய்க்கிழமை டெல்மர் ஸ்கோகன் வந்தார்,
பூட்ஸில் ஏப்ரல் சேறு,
சட்டைப்பையில் மடித்த சீட்டு:
பதினாறு புள்ளி ஒன்பது, முப்பத்துநான்கு.
ஒரு டயர் வேண்டும்.
ஒன்றா?
ஒன்று. இடது.

பின் டயரை யாரும் ஒற்றையாய் வாங்குவதில்லை,
செருப்பை வாங்குவார்களா அப்படி?
ஆனால் வடக்கு டகோட்டாவின் இந்த ஊரில்
நானூறு பேர், எல்லோருக்கும் கதை தெரியும்.
அப்பாவின் உயில் நிலத்தைப் பிளந்தது,
தானியக் குதிர்களைப் பிளந்தது,
அறுபத்துநான்காம் வருடத்து டிராக்டரை மட்டும்
பிளக்க வழியில்லை.
அண்ணனும் தம்பியும் காகிதத்தில் எழுதிக்கொண்டார்கள்:
இடது சக்கரம் டெல்மர்,
வலது ஆர்வில்,
என்ஜின் பொது.
பதினொரு வருடமாய்ப் பேச்சில்லை.
டீசல் தொட்டி நிறைந்திருந்தால்
மற்றவன் வேலையை முடித்துவிட்டான் என்று அர்த்தம்.

டெல்மர் கணக்குப் போட்டே வந்திருந்தார்.
வருடத்துக்கு அறுபது மணி நேரம்,
கொஞ்சம் உழவு, கொஞ்சம் பனி தள்ளுவது,
இதற்கு எதற்கு ரேடியல்?
நைலான் போதும்.
இந்த டயர் தேய்ந்து சாகாது,
வெயிலில் விரிசல் விட்டுத்தான் சாகும்.
தப்பில்லை. நானும் அதையே சொல்லியிருப்பேன்.

வியாழக்கிழமை ஆர்வில்.
இடுப்பில் அகலமான முதுகுவலிப் பட்டை.
ரேடியல். ஒன்று. வலது.
உழும்போது சாலுக்குள் இறங்கி ஓடுவது வலதுதான்,
பட்டன் மொத்தமும் போனது என் பக்கம்தான்,
அவனுக்கென்ன, மேட்டில் நடக்கிறான்.
பெயர் சொல்லவில்லை.
அதுவும் தப்பில்லை.

சாக்பீஸால் தரையில் இரண்டு வட்டம் போட்டேன்,
ஒன்று மற்றதைவிட ஒன்றரை அங்குலம் பெரிது.
சாலை நேராகத்தான் போகும், ஆர்வில்,
உள்ளே பல்சக்கரங்கள் மட்டும்
நாள் முழுக்க ஒரு வளைவில் திரும்பிக்கொண்டே இருக்கும்.
எண்ணெய் கருகும். பிறகு இரண்டு பேருக்கும் செலவு.

அவன் எது வாங்கினான்?
அடுத்தவர் கணக்கை நான் சொல்வதில்லை என்றேன்.
என் கண் நைலான் அடுக்குப் பக்கம் போய்விட்டது.
பார்த்துவிட்டார்.

பின்னால் தகரக் கொட்டகையில் ஒரு ஜோடி கிடந்தது,
போன இலையுதிர்காலத்து ஏலத்தில் எடுத்தது.
முக்கால் பட்டன்,
விலாவில் இரண்டுக்கும் அதே நான்கு எண்:
ஒரே வாரத்தில் வார்த்தவை.
இருவருக்கும் தனித்தனியே போன் செய்தேன்,
தனித்தனி பில், ஒரே விலை.
யோசிக்கணும் என்றார் ஒருவர்.
யோசிக்கணும் என்றார் இன்னொருவர்.
பத்து நிமிடத்தில் இரண்டு போனும் திரும்பி வந்தன.

பழையதைக் கழற்றினேன்.
எடைக்காக உள்ளே நிரப்பியிருந்த கால்சியம் தண்ணீர்
பீப்பாயில் கொட்டியது, கசந்த வாடையோடு.
வலது ரிம் பரவாயில்லை.
இடதில், வால்வு ஓட்டையைச் சுற்றி
விரலால் குத்தினேன்,
விரல் உள்ளே போய்விட்டது.

புதிய ரிம் கிடைக்க ஆறு வாரம்,
விதைப்புக்கு மூன்று.
டெல்மரிடம் சொன்னேன். ஆர்விலிடம் சொல்லவில்லை,
காபிக் கடையில் சொன்னேன், அதுவே போதும்.

மறுநாள் காலை என் ஷட்டரில் சாய்ந்திருந்தது
ஒரு ரிம், துரு சுரண்டி,
பொருந்தாத மஞ்சளில் ஒரு பூச்சு.
கம்பியில் கட்டிய சீட்டு:
டெல்மருக்கு. ரிம் ஒன்று. நாற்பது டாலர்.

டெல்மர் அதை இரண்டு முறை படித்தார்.
ரிம்மை உருட்டிப் பார்த்தார், தட்டிக் கேட்டார்.
முப்பத்தெட்டு டாலர் எண்ணி வைத்து
சீட்டின் பின்புறம் எழுதினார்:
இரண்டு டாலர் பெயிண்டுக்குக் கழிவு.

ஆர்வில் வந்து அதைப் படித்தபோது
மூக்கிலிருந்து ஒரு சத்தம் வந்தது.
பணத்தை எண்ணாமல் பையில் போட்டார்,
சீட்டையும்.

எல்லாம் மாட்டி முடித்ததும்
பின் அச்சின் மேல் ரசமட்டம் வைத்தேன்.
குமிழ் ஒரு மயிரிழை இடது பக்கம் தள்ளி நின்றது.
என் கடைத் தரை அப்படி.
இருந்தாலும்
இருவரும் வருவதற்குள் எடுத்துவிட்டேன்.