ஜெராய் பக்கம்

நூற்று முப்பத்தேழு வெள்ளி அறுபது சென்.
ஐஸ்பெட்டிக் கதவில்
அன்னாசிப்பழக் காந்தத்துக்கு அடியில்
இரண்டு வாரமாய்த் தொங்கியது பில்லு.
பாயான் லெப்பாசில் ஓ.டி. நின்றுபோன மாதம்.
தண்ணீர் குடிக்கத் திறக்கும்போதெல்லாம்
அது படபடத்தது.

"கட் பண்ணணும்" என்றேன் போனில்.
ஏன் என்று கேட்டாள் அந்தப் பெண்
மலாயில், அத்தனை பணிவாய்.
பாதி விலைக்குத் தருகிறோம், ஆறு மாதம் என்றாள்.
ஏழாவது மாதம்? என்றேன்.
அவளுக்குப் பின்னால் யாரோ தும்மினார்கள்.
அவளுக்கும் ஓ.டி. இருக்காது என்று தோன்றியது.
நன்றி சொல்லி வைத்தேன்.

ஆன்டெனா முப்பத்தைந்து வெள்ளி.
சாப்பிட்டு முடித்த கெம்போங் மீனின்
நடுமுள் மாதிரி இருந்தது.
சற்குணன் அதைத் துணி காயப்போடும்
மூங்கில் கழியின் முனையில் கட்டி
பதினைந்தாவது மாடியிலிருந்து வெளியே நீட்டினார்,
தன் பனியனுக்குப் பக்கத்தில்.

எதிர் பிளாக்கிலிருந்து
பெங் ஹுவாட் அங்கிள் வழிகாட்டினார்.
ஜெராய் மலைப் பக்கம் திருப்பணுமாம்,
கடலுக்கு அந்தாண்டை, கெடாவில்
மேகத்துக்குள் தலை வைத்திருக்கும் மலை.
"கீரி! கீரி லாகி!"
அவருக்கு அது இடது பக்கம்.
என் மகளுக்கோ ஒவ்வொரு கூச்சலுக்கும்
கழியின் முனையில் ஒரு கீரிப்பிள்ளை.
சிரித்துச் சிரித்து விக்கல் எடுத்தது அவளுக்கு.
நான் டிவிக்கு முன்னால் நின்று
வந்துச்சு, போச்சு, வந்துச்சு,
அய்யோ தொடாதீங்க, அப்படியே இருங்க.

அப்படியே எவ்வளவு நேரம் இருப்பார் மனிதர்.

வந்தவரைக்கும் வந்தது.
மலாய்ச் சமையல், சீனச் செய்தி,
யாரும் யாரையும் கேட்காத நாடாளுமன்றம்.
தமிழ் நாளைக்கு ஒரு கைப்பிடி.
மிச்சமான காசு
மிச்சமாகவே இல்லை,
மகளின் பள்ளி பஸ் அதைத் தின்றுவிட்டது.

"அது உன் சீரியல்" என்பார் எப்போதும்,
பேப்பருக்குப் பின்னால் இருந்துகொண்டு.
ஆனால் முதல் வாரமே கவனித்தேன்.
எட்டரை மணிக்குக் குப்பை கொட்டப் போகிறார்.
குப்பைக்குழாய் இருப்பது
பவளராணி வீட்டு வாசலைத் தாண்டி.
ஒரு நாள் போனார்.
மறுநாளும் போனார்.
வியாழக்கிழமை பையில் இருந்தது
ஒரே ஒரு முட்டை ஓடு.

பிறகு அந்த மழை.
ஆயர் ஈத்தாம் பக்கம் கறுத்து
லூவர் கண்ணாடி அத்தனையும் அதிர்ந்த மழை.
தட்டுகளுக்கு மழை ஆகாது.
கதவு கதவாக வாயடைத்தது மாடி முழுக்க,
பாதி வசனத்தில்,
யாரோ யாரையோ அறையப் போகும் இடத்தில்.

பவளராணி வந்தாள், இடுப்பில் தர்வின்.
"ஒங்க வீட்ல மட்டும் எப்படிக்கா ஓடுது?"
எங்கள் மீன்முள் நனைந்துகொண்டே
ஜெராயைக் கேட்டுக்கொண்டிருந்தது.
வடக்கு நீரிணையில் அலை உயரமாம்,
சிறு படகுகள் போக வேண்டாமாம்.
எங்களிடம் படகு இல்லை.
ஆனாலும் நாலு பேரும் உட்கார்ந்து கேட்டோம்.

சற்குணன் கோப்பி கலக்கிக் கொண்டுவந்தார்.
என்றைக்குமில்லாத திருநாள்.
டம்ளரை நீட்டிக்கொண்டே, சும்மா கேட்பது போல,
"அந்தப் பொண்ணு, பத்திரத்துல
கையெழுத்துப் போட்டுட்டாளா?"

"அண்ணே," என்றாள் பவளராணி,
"அவ செத்தே மூணு நாளாச்சு."

அவர் ஒன்றும் சொல்லவில்லை.
திரையில் நீலக் கோடுகள்
கரையை நோக்கி நகர்வதையே பார்த்தார்.
நான் சிரிக்கவில்லை.
சத்தியமாய்ச் சிரிக்கவில்லை.

மழை விட்டதும் அடுத்த வீட்டிலிருந்து
ஒரு வயலின் அழுதது.
பவளராணி பிள்ளையைத் தூக்கிக்கொண்டு ஓடினாள்,
ஒரு செருப்பை எங்கள் வாசலிலேயே விட்டு.

அவர் எழுந்தார்,
செருப்பைக் கொடுத்துவிட்டு வருகிறாராம்.

கழி சொட்டிக்கொண்டிருந்தது.
பனியனை எடுக்க மறந்திருந்தோம்.