கட்டமில்லாத பதில்

காய்ச்சல் நூற்றிரண்டு.
நாற்பது நிமிட இசைக்குப் பிறகு ஒரு குரல்:
"சமீபத்தில் வெளிநாடு போனீர்களா?"

டெட்ராய்ட் விமான நிலையத்தில் வேன் ஓட்டும்
ஒடெஸா பிரிட்சர்ட் இருமி முடித்தாள்.
"நான் எங்கும் போகலை.
வெளிநாடுதான் தினமும்
என் முதுகுப்பக்கம் உட்கார்ந்து
தும்மிக்கிட்டு வருது."

அதற்குப் படிவத்தில் கட்டமில்லை.

கூடாரத்தில் வேறு கேள்வி:
தொற்று உறுதியானவரோடு பழகினீர்களா?
அதே ஸ்டியரிங்கை இரவில் பிடிக்கும் டெல்ராய்
பதினோரு நாளாய்ப் படுக்கையில்.
அவனுக்கும் சோதனை கிடைக்கவில்லை.
ஆகவே அவனுக்கு நோயில்லை.
ஆகவே இவளுக்கும்.

சான்றில்லாமல் விடுப்பில்லை என்றது கம்பெனி.

திங்கள் விடியுமுன் வண்டியை எடுத்தாள்.
வாயைச் சுற்றிக் கம்பளித் துண்டு,
ஜன்னல்கள் எல்லாம் திறந்து.
மார்ச் குளிர்.
முதல் நிறுத்தத்தில் ஏறியவர்
கோட்டை இழுத்துப் போர்த்தியபடி சொன்னார்:
"கொஞ்சம் மூடுங்களேன்,
ஜலதோஷம் பிடிச்சுடும்."