கிழித்த தேதிகள்

ஓபி சீட்டில் வயது நாற்பத்தேழு.
எழுதிய பையன் நிமிர்ந்து பார்க்காமலே
"என்ன தொந்தரவு?" என்றான்.
பின்னால் நாற்பது பேர் நிற்க
எதைச் சொல்ல?
"வெக்கை" என்றேன்.
"மதுரைல எல்லாருக்கும்தான்."
வரிசை சிரித்தது. நானும் கொஞ்சம் சிரித்தேன்.

அது சித்திரை வெக்கை இல்லை, தம்பி.
மார்கழியில் முதல் பஸ்ஸுக்கு நிற்கையில்
சுற்றி எல்லாரும் மப்ளரும் சால்வையுமாய் இருக்க
என் கழுத்தடியில் யாரோ அடுப்புப் பற்றவைத்தார்கள்.
காதுமடல் வழியாக ஏறி
உச்சியில் நின்று
அவிந்து,
ஈரச்சேலையோடு நடுங்கவிட்டுப் போனது.

தெற்கு மாசி வீதிக் கடையில்
இருபது வருஷமாகச் சேலை விரிக்கிறேன்.
போன ஆவணியில் ஒரு கல்யாணக் கூட்டம், பதினாலு பேர்.
அரக்குப் பட்டை மடிப்புப் பிரிக்கும்போது
என் நாடியிலிருந்து ஒரு சொட்டு
சரிகைமேல் விழுந்தது.
பெண்ணுடைய அத்தை அந்தச் சேலையை
ஒற்றை விரலால் தள்ளிவைத்தாள்.
மறுநாள் என்னைத் துண்டு, வேட்டிக்கு மாற்றினார்கள்.
அங்கே ஏசி கிடையாது.

நீலாபாய் சோற்றுக்கற்றாழை என்றாள்.
ஒச்சம்மா உளுந்தங்களி.
ரெஜினா ஜெபம் பண்ணச் சொன்னாள்,
பிறகு குரலைத் தாழ்த்தி
எனக்கும்தான்க்கா என்றாள்.

பைபாஸ் ரோட்டு ஆஸ்பத்திரியில்
ஸ்கேன் பார்த்த அம்மா கேட்டது இரண்டே கேள்வி:
பிள்ளைகள் எத்தனை?
காப்பீட்டு அட்டை இருக்கா?
"இனிமே எதுக்கு அது, எடுத்துருவோம்."
பரண் ஒழிக்கிற குரல்.
வீட்டுக்காரர் சரி என்றார். மகனும் போனிலேயே சரி.
சீக்கிரம் சரி சொல்கிறவர்கள்மேல்
எனக்கு எப்போதுமே ஒரு சந்தேகம்.

அதனால்தான் ஒருநாள் கூலி போனாலும் போகட்டுமென்று
பெரியாஸ்பத்திரிப் பெஞ்சில் இருந்தேன்.
பக்கத்தில் அலங்காநல்லூர்க்காரி,
கரும்பு வெட்டுக்குப் போகிறவள்.
"ஒங்களுக்கும் மூணு மணிக்கு முழிப்புத் தட்டுதா?"
"மூணேகால்."
தினமும் ஒரே பஸ்ஸில் போய்வருகிறவர்கள் மாதிரி
நெருங்கி உட்கார்ந்துகொண்டோம்.

டாக்டருக்கு என் மருமகள் வயது இருக்கும்.
அவளும் தூங்கவில்லை என்று கண் சொன்னது.
"கடைசியா எப்ப வந்துச்சு?"
இந்தக் கேள்விக்காகத்தான் கொண்டுபோயிருந்தேன்
ரப்பர் பேண்ட் போட்ட ஒரு கட்டு.
பட்ட நாளையெல்லாம்
தினசரிக் காலண்டரில் கிழித்துச் சேர்த்தது.
ராகுகாலம், எமகண்டம், கரிநாள்,
சந்திராஷ்டமம் யாருக்கு என்பதுவரை அச்சடித்திருந்தார்கள்.
என் சங்கதி மட்டும் அதில் இல்லை.
பின்பக்கம் சில தாளில் பால்கணக்கு.

டாக்டர் மேசையில் வரிசை கட்டினாள்.
சேர்ந்தாற்போல் பதினேழு நாள்.
அப்புறம் மூன்று மாதம், வெறும் மேசை.
அந்த வெற்றிடத்தில் உள்ளங்கையை வைத்து
"இங்க பயந்தீங்களா?" என்றாள்.

பிள்ளை நின்றுவிட்டதோ என்று பயந்ததை,
இல்லை என்றானதும்
குளியலறைக் குழாயைத் திறந்துவிட்டு அழுததை,
இரண்டையும் சேர்த்துச் சொன்னேன்.
எழுதிக்கொண்டாள்.
அதற்கெல்லாம் அந்தச் சீட்டில் கோடு இருக்கிறதா, தெரியாது.

ஸ்கேனை வெளிச்சத்தில் பிடித்தாள்.
கட்டி இல்லை. எடுக்கிற பேச்சு இப்போது வேண்டாம்.
ரத்தம் பார்த்துவிட்டு மாத்திரை, மூன்று மாதம்.
இதற்கு ஒரு பெயர் உண்டு என்றாள்,
இங்கிலீஷில் நீளமாக இருந்தது.
"அப்ப இது நோய் இல்லையா?"
"நோய் இல்லம்மா. ஆனா நோவு நோவுதானே."

மருந்து ஜன்னலில் பாதிதான் இருப்பு,
மிச்சத்துக்குச் செவ்வாய்க்கிழமை.
அலங்காநல்லூர்க்காரி உள்ளே போகுமுன் கையைப் பிடித்தாள்:
"என்ன கேப்பாக?"
"தேதி."
"எழுதத் தெரியாதே."
கிழிக்கத் தெரியுமில்ல, என்றேன்.

வெளியே மழைமூட்டம்.
கோரிப்பாளையம் ஸ்டாப்பில் குளிருதே என்றார்கள்.
கழுத்தடியில் பற்றியது.
கையில் அந்தக் கட்டுதான் இருந்தது,
விசிறிக்கொண்டேன்.