பால் கணக்கு நோட்டின் பின்பக்கம்

முன்பக்கம் சொசைட்டிக்கு.
காலை ஒன்றே முக்கால் லிட்டர், மாலை ஒன்றேகால்.
நோட்டைக் கவிழ்த்து, பின்னாலிருந்து
உன் கணக்கைத் தொடங்கினேன், மதி.

முதல் வரி: தஞ்சாவூர், மெடிக்கல் காலேஜ் ரோடு.
டாக்டர் எழுநூறு.
கார் வாடகை இரண்டாயிரத்து இருநூறு.
பஸ்ஸில் வரமாட்டேன் என்றாய்,
திருத்துறைப்பூண்டியிலிருந்து கம்பி கூடவே வருகிறது என்றாய்.
மாத்திரை ஆயிரத்து நாற்பது.
பேச்சு சிகிச்சை தனி, ஒரு தடவைக்கு ஆயிரத்து இருநூறு.
பன்னிரண்டு தடவையாவது வேண்டுமாம்.
பெருக்கிப் பார்க்கவில்லை.

காப்பீட்டு அட்டையை நீட்டினேன்.
"அட்மிஷனா?" என்றான் கவுண்ட்டர் பையன்.
இல்லை தம்பி, வீட்டோடுதான்.
ராத்திரி மோட்டாருக்குக் கரண்ட் வரும் நேரம்
எழுந்து உட்கார்ந்துகொள்கிறார்.
அவன் அடுத்த ஆளைப் பார்த்தான்.

ஆபீசில், ஒப்பந்த ஆளுக்கு லீவு கிடையாது என்றார்கள்.
காயம் எங்கே என்று கேட்டார்கள்.
நீ இரண்டு உள்ளங்கைகளையும் விரித்துக் காட்டினாய்.
சுத்தமாக இருந்தன.

குணசீலத்தில் நாற்பத்தெட்டு நாள் வை என்றார் உன் மாமா.
அதற்கும் ஒரு வரி விட்டிருக்கிறேன்,
தொகை எழுதவில்லை.

யாரும் பில் தராத செலவுகள்:
இட்லி மாவு பாக்கெட் நாற்பது, தினமும்.
கிரைண்டர் ஓடினால் நீ கொல்லைக்கு ஓடுகிறாயே.
மெழுகுவத்தி. விசிறி மூன்று.
பையனுக்கு ராத்திரிப் படிப்பு பக்கத்து வீட்டில்.
கரண்ட் பில் மட்டும் பூஜ்யம்,
அந்த ஒன்றில்தான் மிச்சம் பிடித்தோம்.

புயல் கழிந்த ஒன்பதாம் நாள்.
சாய்ந்த போஸ்ட்டை நிமிர்த்தியாயிற்று,
கீழே நின்று நீ சொன்னாய்:
"எல்.சி. வாங்கியாச்சு ஜெகபர், ஏறு."
வாங்கியும்தான் இருந்தாய். கையெழுத்து இருக்கிறது.
எந்தக் கல்யாண மண்டபத்திலோ எவனோ
ஜெனரேட்டரை மெயினில் கொடுத்திருந்தான்.

அன்றிலிருந்து நீ "ஆச்சு" என்ற சொல்லைச் சொல்வதில்லை.
சாப்பிட்டாச்சா என்றால்
தட்டைத் தூக்கிக் காட்டுகிறாய்.

திருவாரூர் பெரிய ஆஸ்பத்திரி, செவ்வாய்க்கிழமை.
சீட்டுக்குக் காசில்லை. மாத்திரைக்கும் இல்லை,
ஸ்டாக் இல்லாத வாரம் மட்டும் வெளியே தொண்ணூறு.
ஆறு வாரம் ஆகும், நடுவில் நிறுத்தாதீங்க என்றார் டாக்டர்.
ஜெனிட்டா என்று ஒரு பெண், சின்ன வயசு,
இது பைத்தியமில்லை, இதற்குப் பேர் இருக்கு என்று
தமிழிலேயே சொன்னாள்.
பயத்துக்கு ஒரு ஏணி வரையச் சொன்னாள்.

வயர்மேனிடம் ஏணி!
ஆறு மாதத்தில் அன்றுதான் நீ சிரித்தாய்.
அடிப்படியில் சுவிட்ச் போர்டைப் பார்ப்பது.
மூன்றாம் படியில் கிரைண்டர்.
உச்சிப் படியில் என்ன எழுதினாய் என்று
நான் எட்டிப் பார்க்கவில்லை.

பெஞ்சில் எங்களுக்கு முந்தைய டோக்கன் மைமூனுக்கு.
அவளுக்கும் தூக்கமில்லை.
மூன்று செவ்வாய் அவள் ஜன்னலைப் பார்த்தாள்,
நீ தரையைப் பார்த்தாய்.
நான்காவது செவ்வாய் டீ வாங்கி வந்தேன், மூன்று.
அவள் என்னிடம்தான் சொன்னாள், உனக்குக் கேட்கும்படி:
"அந்த ஜெனரேட்டர்க்காரன் எந்த ஆஸ்பத்திரிக்குப் போறான்னு
கேட்டுச் சொல்லுங்களேன்."
டீ முழுவதையும் குடித்தாய்.

இப்போது பஸ்தான். போக வர நூற்றுப் பன்னிரண்டு.
ஜன்னலோரம் வேண்டாம் உனக்கு, சரி.

நேற்று அரிசியை நானே ஊறப்போட்டேன்,
உன்னிடம் சொல்லிவிட்டுத்தான்.
நீ வந்து நின்றாய். விரல் ஆடியது.
சுவிட்சைப் போட்டாய்.
மூன்று நிமிடம், மொபைலில் பார்த்தேன்.
பிறகு நிறுத்திவிட்டுக் கொல்லைக்குப் போனாய்,
வாந்தியெடுத்தாய், முகம் கழுவினாய்.

நோட்டை எடுத்தேன். தேதி போட்டேன்.
வரவில் எழுதுவதா செலவிலா
தெரியவில்லை.
கல்லில் பாதி அரைபட்ட அரிசி கிடக்கிறது,
நொய் நொய்யாக.
நாளைக்கும் மாவு பாக்கெட்தான்.
இதை உப்புமா கிண்டிக்கொள்ளலாம்.