பட்டறைக் குப்பை

சிவதாபுரத்தில் கொலுசுப் பட்டறையைக் கூட்டினால்
குப்பையைக் கொட்டமாட்டார்கள்.
சாக்கில் கட்டி மூலையில் வைப்பார்கள்.
கை கழுவிய தண்ணீரும் தொட்டியிலேயே நிற்கும்.
மாதம் ஒருமுறை ஓர் ஆள் மொபெட்டில் வந்து
விரலால் கிளறி, வெளிச்சத்தில் பிடித்து, விலை சொல்வான்.
மண், மயிர், பீடித்துண்டு, கரி.
இதற்குள் எங்கோ வெள்ளி இருக்கிறதென்று
காசை முன்னாலேயே வைத்துவிடுவான்.

நான் பத்தவைக்கிறவன்.
பத்தொன்பது வருஷம் கண்ணி கண்ணியாய்ப்
பொடி வைத்து ஊதினேன்.
பிறகு கை நடுங்கியது.
காலையில் குடித்தால் நிற்கும்.
நிற்பதற்காகக் குடித்தேன்,
குடித்ததால் நடுங்கினேன்.
ஒரு முகூர்த்த மாதம்
நாற்பது ஜோடி உருகி ஒட்டிக்கொண்டது.
முதலாளி அடிக்கவில்லை.
"நீ எதுக்கும் ஆவமாட்ட, கொழந்தவேலு" என்றார்,
தராசு முள்ளைப் பார்த்து எடை சொல்வதுபோல.

கோயிலுக்குள் நுழைந்தது மழைக்காக.
கடைசி பெஞ்சு. லுங்கியில் சேறு.
ஒரு வெள்ளிக்காசு தொலைந்துபோக
விளக்கைக் கொளுத்தி வீடு முழுக்கப் பெருக்கிய ஒருத்தியைப் பற்றி
ஐயர் படித்தார்.
ஒரு காசுக்கா இத்தனை பாடு என்று
பக்கத்தில் ஒருவர் கொட்டாவி விட்டார்.
எனக்கு அவளைத் தெரியும்.
அவள் எங்கள் தெருக்காரி.
பெருக்கியதைத் தெருவில் கொட்டியிருக்கமாட்டாள்.

அன்றே திருந்திவிட்டேன் என்று சொன்னால் பொய்.
மூன்று முறை திரும்பிப் போனேன்.
மூன்றாம் முறை தவமலர் அக்கா
டாஸ்மாக் வாசலுக்கே குடையோடு வந்து நின்றார்,
ஒன்றும் பேசாமல்.

ஞானஸ்நானத்தன்று பெயரை மாற்றலாமா என்றார்கள்.
இந்தப் பெயரில்தான் கடன் இருக்கிறது,
இருக்கட்டும் என்றேன்.

குடி போனது. நடுக்கம் போகவில்லை.
முழங்காலில் கேட்டேன். போகவில்லை.
நரம்பு என்றார் டாக்டர்.
காணிக்கைத் தட்டைக் கொடுத்துப் பார்த்தார்கள்.
என் கையில் அது கொலுசு கட்டி நடந்தது,
பிள்ளைகள் சிரித்தார்கள், நானும்தான்.
இராப்போஜனக் கிண்ணம் பல்லில் தட்டும்.
ஐயர் அவசரப்படுத்தமாட்டார்.
ஆனால் வீட்டுக்கு வந்து கையைப் பார்த்துக்கொண்டிருப்பேன்:
கண்டெடுத்தீர், சரி.
எதற்கு?

ஒரு ஞாயிறு
பெரியாஸ்பத்திரிக்கு ரொட்டி கொண்டு போனோம்.
மேல்மாடி, ஆண்கள் வார்டு.
கட்டிலோடு சேலைத்துணியில் கட்டியிருந்தார்கள் ஒருவனை.
குடியை நிறுத்தி மூன்றாம் நாள்.
ஜன்னலுக்கு வெளியே ஏற்காட்டு மலைப்பாதையில்
வண்டி விளக்குகள் ஏறிக்கொண்டிருந்தன.
"எறும்பு, எறும்பு, எம்மேல ஏறுது" என்று அலறினான்.
எறும்பில்லை என்று எல்லோரும் சொன்னார்கள்.
நான் கையைப் பிடித்தேன்.

அவன் கை என் கைக்குள் ஆடியது,
என் கை அவன் கைக்குள்.
யார் நடுக்கம் யாருடையது என்று தெரியவில்லை.
சட்டென்று திரும்பிப் பார்த்தான்.
"ஒனக்குமா?"
"எனக்குந்தான்."
"எத்தன நாளாச்சு?"
"நாலு வருசம். எறும்பு போயிரும். இது மட்டும் நின்னுக்குச்சு."

எறும்புகளை எண்ணலாம் வா என்றேன்.
இருபது வளைவு. ஒவ்வொன்றாய் ஏற்றிவிட்டோம்.
பதினேழில் தூங்கிவிட்டான்.
கட்டை அவிழ்த்துவிட்டு நர்ஸ் என்னைப் பார்த்தாள்:
"நாளைக்கும் வருவீங்களா?"

இப்போது ராத்திரி எனக்கு வேலை அங்கே.
சம்பளம் இல்லை. பகலில் சாக்கு தைக்கிறேன்,
கோணல் தையல், யாரும் பார்ப்பதில்லை.
கஞ்சி டம்ளரைப் பாதிதான் நிரப்புவேன்.
மீதிப் பாதிக்கு இன்னொரு தரம் நடப்பேன்.
சிலர் பிழைப்பதில்லை.
கட்டில் பதினொன்றில் மாரப்பன் விடியுமுன் போனார்.
கை ஆடாமல் நின்றது.
என் கை மட்டும்
வெகுநேரம் அதைக் குலுக்கிக்கொண்டிருந்தது,
சாக்கில் கைவிட்டுத் தேடுகிறவன்போல.