பின்பக்கமாகத் தெரிந்த கடை

ஒன்பது வருடமாக இந்தக் கடையை எனக்குத் தெரியும்,
பின்பக்கமாக மட்டும்.
காலி பீர்ப் பெட்டிகளுக்கும்
சக்கரமில்லாத சைக்கிள் ஒன்றுக்கும் நடுவே
உடம்பை ஒருக்களித்து நுழைந்தால்
சுவரில் காஸ் மீட்டர்.
கடைசி நான்கு இலக்கம் ஏழு ஏழு மூன்று ஒன்று.
மாதம் ஒருமுறை, என் சுற்றின் கடைசிக் கட்டடமாக,
டார்ச் அடித்துப் பார்த்துக் குறித்துக்கொண்டு போவேன்.
புகைவிசிறி என் முகத்தில்
சுட்ட கானாங்கெளுத்தியை ஊதும்.
உள்ளே ஒரு பெண் சிரிப்பாள்.
எதற்கென்று தெரியாமல் நானும்
ஒன்றிரண்டு தடவை சிரித்திருக்கிறேன்.

அமாகசாகியில், ரயில் பாலத்துக்குத் தெற்கே,
குடையை மடக்கினால்தான் நடக்க முடிகிற சந்து.
பெயர்ப்பலகை கிடையாது.
இருக்கிற ஒரே சிவப்பு விளக்கும்
சலவைக்கடைக்காரரின் போர்வைகளுக்குப் பின்னால்.

எண்கள் வாய் திறக்கும்.
குழந்தை பிறந்த வீட்டில் வெந்நீர் கூடும்.
மகன் வெளியூர் போன வீட்டில் குறையும்.
இதையெல்லாம் நான் கேட்கக் கூடாது.
கேட்டதில்லை.

பிப்ரவரியில் இந்தக் கடையின் கணக்குப் பாதியாகியிருந்தது.
மார்ச்சிலும் அப்படியே.
விசிறி சுற்றியது.
சிரிப்பு மட்டும் இல்லை,
நான் போன நேரம் அப்படியோ என்னவோ.

ஏப்ரலில், மழை நாளில்,
சீருடையைக் கழற்றிப் பையில் திணித்துக்கொண்டு
முன்பக்கம் போனேன்.
கதவு பாதியில் சிக்கியது.
"தூக்கி இழுங்க!" உள்ளிருந்து பல குரல்.

எட்டு முக்காலி இருக்க வேண்டிய இடத்தில்
ஏழு பேர் தாராளமாக உட்கார்ந்திருந்தார்கள்.
பேச்சை நிறுத்தாமல், என்னைப் பார்க்காமல்,
ஆளுக்கு அரைச்சாண் நகர்ந்தார்கள்.
சூடான கைத்துண்டு வந்தது,
என் வேலை அதில் கறுப்பாக ஒட்டியது.
கேட்காமலே ஒரு கிண்ணம் வந்தது,
எள் தூவிய கீரை, இரண்டு வாய்.
சுவர் முழுக்கக் கையெழுத்துக் காகிதங்கள்,
எண்ணெய் குடித்து மஞ்சளானவை.
'இன்று இல்லை' என்று ஒன்றின்மேல் ஒட்டிய காகிதமும்
மஞ்சள்.

"யார் சொல்லி வந்தீங்க?"
பக்கத்து முக்காலி ஷிகேனோபு கேட்டார்,
ரயில் நிலையத்தில் சைக்கிள்களுக்குக் காவல்.
"மீட்டர்" என்றேன்.

அப்புறம் சொல்லத்தான் வேண்டியிருந்தது.
பிப்ரவரி. மார்ச். பாதி.
கடைக்கார மினேகிஷி கரண்டியை நிறுத்திவிட்டுக் கேட்டாள்.
பிறகு அதே கரண்டியால் காட்டினாள்:
மூலையில் பளபளவென்று ஒரு கரண்ட் அடுப்பு,
அதன்மேல் முள்ளங்கி மிதக்கும் பானை.
"மருமகன் வாங்கித் தந்தது.
இன்னும் ஒருத்தருக்கும் அதை அணைக்கத் தெரியாது."

சிரித்தாள்.
ஒன்பது வருடம் விசிறி துண்டு துண்டாக நறுக்கித் தந்த சிரிப்பு,
முழுசாக.

இரண்டு மாதம் மனசுக்குள் இவளைப் படுக்கவைத்து
கஞ்சி ஊட்டியிருக்கிறேன்.
அதைச் சொல்லவில்லை.
சூடாகச் சாக்கே கேட்டேன்.

ஊற்றும்போது தாழ்ந்த குரலில் சொன்னாள்:
"உங்க கணக்கும் முழுக்கத் தப்பில்லை.
கடைசி முக்காலியில் ஹதாதா இருந்தார்,
தினம் இரண்டு கானாங்கெளுத்தி,
தோல் கருகணும் அவருக்கு.
பிப்ரவரியில் சசேபோவுக்கு மகளிடம் போய்விட்டார்.
அதுக்கப்புறம் இங்கே யாரும் மீன் சுடச் சொல்வதில்லை."
அலமாரியில் அவர் பெயர் எழுதிய புட்டி,
மூன்றில் ஒரு பங்கு மீதி.
யாரும் தொடுவதில்லையாம்,
வியாழக்கிழமை தூசி துடைப்பதோடு சரி.

ஷிகேனோபு தன் கோப்பைக்குள் எதையோ தேடினார்.

"எனக்கு ஒன்று சுடுங்க" என்றேன்.
"கருகணுமா?"
"கொஞ்சம்."

கழிப்பறை பின்பக்கம், வெளியே.
பீர்ப் பெட்டிகள், அதே சைக்கிள்,
மழைக்கு நனைந்த ஏழு ஏழு மூன்று ஒன்று.
டார்ச் இல்லை, குறிப்பேடும் இல்லை,
கைப்பேசி வெளிச்சத்தில் சும்மா பார்த்தேன்.
கடைசிச் சக்கரம் நகர்ந்துகொண்டிருந்தது.

உள்ளே என் மீன்.