நாலாவது மூட்டை

அறுவடை முடிந்த வாரமே
யாக்கோவிலிருந்து தராசோடு வந்துவிடுவான் இத்ரிஸ்ஸா.
"இப்போதே தள்ளிவிடு, திப்போகோ,
இல்லாவிட்டால் வண்டுக்குத்தான் அளப்பாய்."
நான்கு வருடம் அவன் சொன்னதே நடந்தது.

இந்த முறை தட்டைப்பயறைப் பாயில் கொட்டி
வேப்பெண்ணெய் விட்டுப் பிசறினேன்.
படிக்கு ஒரு மூடி,
சோடா பாட்டில் மூடி.
முழங்கைவரை கசப்பு.
அன்றிரவு பிள்ளை பால் குடிக்காமல்
முகத்தைத் திருப்பிக்கொண்டது.

மூன்று மூட்டையில் எண்ணெய் தீர்ந்தது.
நாலாவதை அப்படியே கட்டினேன்.

ஹர்மட்டான் புழுதி கதவிடுக்கில் படிந்த நாட்களில்
அது பேச ஆரம்பித்தது.
காதை வைத்தால்
தூரத்தில் யாரோ கம்பு கொறிப்பதுபோல.
கையை விட்டேன்.
காய்ச்சல்காரியின் வயிற்றுச் சூடு.
பயறுக்குப் பயறு வட்டமாய் ஒரு ஜன்னல்,
குடியிருந்தவர்கள் வெளியேறிவிட்டார்கள்.
மாவை மட்டும் விட்டுவைத்து.

மற்ற மூன்றுக்கும் அவள் வந்துதான் இருந்தாள்.
தோலின்மேல் வெள்ளைப் புள்ளிகள்,
இடம் பார்த்து ஒட்டிய முட்டைகள்.
எண்ணெய் அவற்றின் மூச்சை அடைத்திருந்தது.
நகத்தால் சுரண்டினேன், உதிர்ந்தன.
வருத்தம் என்று சொல்ல மாட்டேன்.
நகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தேன்,
அவ்வளவுதான்.

ஜூலை.
எல்லா வீட்டிலும் பானையின் அடி தெரிந்தபின்
இத்ரிஸ்ஸா வந்தான், தராசில்லாமல்,
தன் வீட்டு அடுப்புக்காக.
ஒரு பிடி அள்ளி முகர்ந்தான்.
"நாறுகிறதே."

"இரண்டு தண்ணீரில் கழுவு."

உள்ளங்கையில் உருட்டி உருட்டி
ஓட்டை தேடினான்.
"சரி, விலையைச் சொல்."

சொன்னேன்.
அவன் உட்கார்ந்தான்.